ஒத்த ஸ்டார் ஓட்டல்

நத்தக்காட்டுக்காரர்களுக்கு யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துதான் பழக்கம். வெள்ளியங்கிரிக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் கூடுதல். பெண்டாட்டியின் தம்பி சென்னியப்பன் முதல்தடவையாக ஊருக்கு வந்திருக்கிறானே என்று, அவனையும் கூட்டாளி கிட்டுசாமியையும் டவுனில் பொன்னுரங்கம் நடத்தும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான்.

சர்வர் இலையில் இட்லியை வைத்துவிட்டு, சாம்பார் வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிப் போனார். மூவரும் பொறுத்தார்கள். பக்கத்து மேசையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இட்லி காய்ந்து விறைத்தது. கடைசியில் சர்வர் வந்தார். இன்னுமா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டபடியே இலைகளைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்.

மச்சினன் முன்னால் வெள்ளியங்கிரிக்கு முகம் செத்துவிட்டது.

வெளியே வரும்போது சுவரில் ஒரு போர்டு. உங்கள் உண்மையான கருத்தைப் போனில் பதிந்து ஸ்டார் போடவும் என்றிருந்தது. மூவரும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனைத் திறந்தார்கள்.

"ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் இருக்குது. எத்தனை போடறது?" என்றான் வெள்ளியங்கிரி.

கிட்டுசாமி நெற்றியைத் தேய்த்தான். "பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்கிறவன் ஒண்ணாவது ராங்க். மக்குப்பையன் அஞ்சாவது."

"அஞ்சுக்குக் கீழ இல்லீங்களா மாமா?" சென்னியப்பனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இல்லை மாப்ளே. போன் கம்பெனிக்காரனுக்கு இளகின மனசு."

வெள்ளியங்கிரி அஞ்சு ஸ்டாரை அழுத்திப் போட்டு, கீழே எழுதினான்: 'இந்த ஓட்டல் சாம்பாருக்காக இன்னும் காத்திருக்கிறோம்.' மூவரும் முறைத்தபடி எடுத்த போட்டோவையும் சேர்த்தான்.

பொன்னுரங்கம் அதைப் படித்துப் பூரித்துப்போனார். அடுத்த சந்தைக்கு மூவரும் வந்தபோது, முகத்தை அடையாளம் கண்டு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். வாளியோடு சாம்பாரைக் கொண்டுவந்து தானே ஊற்றினார். இட்லி மிதந்தது.

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனிதரைக் கேவலப்படுத்திவிட்டோமே என்று, கையைக் கழுவியதும் அவர் கண்ணெதிரிலேயே அஞ்சை ஒன்றாக்கினான்.

"இனிமே நீங்கதானுங்க ஃபர்ஸ்ட்டு" என்றான்.

பொன்னுரங்கம் போனை எட்டிப் பார்த்தார். "ஐயா, அந்த ஒத்த ஸ்டாரை எடுத்துட்டு அஞ்சு ஸ்டாராப் போட்டுடுங்க. புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மூவரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கிறிஸ்துமஸ் சமயம். ஓட்டல் முகப்பில் ஒரே ஒரு காகித ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய ஓட்டலுக்கு ஒன்று பத்தாதுதான், மனிதர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று மூவருக்கும் பட்டது. சந்தையில் அஞ்சு ஸ்டார் வாங்கினார்கள். பெயிண்ட் கடையில் ஏணியைக் கேட்டு வாங்கினார்கள். பழையதை அவிழ்த்துப் போட்டுவிட்டு வரிசையாகக் கட்டினார்கள். நாலாவதைக் கட்டும்போது கிட்டுசாமி ஏணியோடு சாய்ந்து வடைச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தான். சர்வர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நல்ல முதலாளியானால் என்ன, உண்மையை மறைக்க முடியுமா? போனை எடுத்து, ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாத ஓட்டல் என்று எழுதினான். கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்காமல், ஃபர்ஸ்ட்டில் இருந்த ஓட்டலை இறக்கி ரெண்டு ஸ்டார் ஆக்கிவிட்டான்.