பால் ஊற்றாத தட்டு

ஆசிரியை ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி பழக வந்தவர்களில் இசக்கியப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். பல வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்துவிட்டு, மேலே படிக்க வேண்டும் என்று வந்தவர். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். ஆசிரியையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அங்கே தைராய்டு நோயைப் பற்றி ஆராய்ச்சி நடந்தது. கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி தன் ஹார்மோனைச் செய்ய ஒரு நொதி வேண்டும். சிலருடைய உடம்பு அந்த நொதியையே பகையாளி என்று நினைத்து, அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். யார் ரத்தத்தில் அது இருக்கிறது என்று பார்ப்பது இசக்கியப்பனுக்குக் கொடுத்த வேலை.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் பணியாரச் சட்டி போலக் குட்டிக் குட்டிக் குழிகள். குழியின் அடியில் நொதியைப் பூசி, ரத்தத்தின் தெளிந்த நீரை விட வேண்டும். பிறகு எதிர்ப்பொருளைத் தேடி ஒட்டிக்கொள்ளும் இன்னொரு பொருளை விட்டு, கழுவி, கடைசியில் அந்தப் பொருள் பட்டால் நிறம் மாறும் மருந்தை விட வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் குழி நீலமாகும். இல்லையென்றால் தண்ணீர் மாதிரி இருக்கும்.

ரத்தம் விடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. பால் பவுடரைக் கரைத்து எல்லாக் குழியிலும் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கொட்ட வேண்டும்.

"பால் எதுக்கு அண்ணாச்சி?" என்று முதல் நாளே ஆசிரியை கேட்டார்.

"நொதி பூசினது போக அங்கங்க காலியிடம் இருக்கும் மேடம். காலியிடத்துல எது வந்தாலும் ஒட்டிக்கும். அதனால முதல்ல பால் போய் அதை நிரப்பிடும்."

"சரியாச் சொன்னீங்க. மறந்துடாதீங்க."

வீட்டில் இதைக் கேட்டு அவர் மனைவி கோமு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பால் பவுடர் கரைக்கவா இந்த வயசுல படிப்பு? அதை இங்க வந்து கரைச்சா எனக்கு ஒரு காப்பியாவது கிடைக்கும்."

அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டானது. வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. சிரித்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பாள்.

பிறகு அது தங்கவில்லை.

சில சமயம் இப்படி ஆகிவிடும், காரணம் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து படுத்த கோமு ஒன்றையே கேட்டாள். சோறு பிசைந்து கொடுத்தால், "ஏங்க இப்படி ஆச்சு?" என்றாள். போர்வையை இழுத்துவிட்டால், "ஏங்க?" என்றாள்.

பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க இசக்கியப்பனால் முடியவில்லை. அந்த எதிர்ப்பொருள் உள்ள பெண்கள் சிலருக்குக் கரு தங்காமல் போவதுண்டு என்று அவர் படித்திருந்தார்.

"கையை நீட்டு கோமு."

"இன்னும் எதுக்குங்க ஊசி?"

"ஏன்னு கேட்டியே."

அவள் கையை நீட்டினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லை. நோயாளிகளின் ரத்தத்துக்கு நடுவே, எண் எழுதாத ஒரு குழியில் மனைவியின் ரத்தத்தை விட்டார். கழுவினார். மருந்தை விட்டார்.

கோமுவின் குழி நீலமாயிற்று. நல்ல நீலம்.

வேறு எந்தக் குழியையும் அவர் பார்க்கவில்லை. தட்டைப் போட்டது போட்டபடி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"கோமு, காரணம் தெரிஞ்சுட்டு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"உன் ரத்தத்துல ஒரு எதிர்ப்பொருள் இருக்கு. அதான் தங்கவிடல."

"அப்ப நான்தானா?"

"நீ இல்லட்டி. உன் உடம்பு."

"ரெண்டும் வேற வேறயா?"



அதற்குப் பிறகு கோமு ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போய், கிடந்த பாத்திரங்களை எல்லாம் துலக்கினாள். துலக்கி வைத்ததையே மறுபடி எடுத்துத் துலக்கினாள். பதில் கிடைத்ததில் மனசு ஆறிவிட்டது, எழுந்து வேலை பார்க்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆசிரியை அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த எண் இல்லாத குழி யாரோடது?"

"வீட்டுல... கோமுவோடது மேடம்."

ஆசிரியை கோபிக்கவில்லை. விரலை நகர்த்தினார்.

"ஓரத்துல இருக்கிற இது?"

"அது வெறும் குழி. ஒப்பிட்டுப் பார்க்க வச்சது. ரத்தமே விடல."

"அது ஏன் நீலமா இருக்கு?"

இசக்கியப்பன் தட்டை வாங்கிப் பார்த்தார். ரத்தம் விட்டது, விடாதது எல்லாம் ஒரே நீலம். ஞாயிற்றுக்கிழமை அவர் மேஜை மேல் எடுத்து வைத்த புதுப் பால் பவுடர் பாக்கெட் வாய் பிரிக்காமலே இருந்தது.

அன்றே மீதியிருந்த ரத்தத்தை வைத்து முதலில் இருந்து செய்தார். பால் ஊற்றினார். ஊறவிட்டார். கொட்டினார். கோமுவின் குழி தண்ணீராகவே இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் தண்ணீராகவே இருந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"தப்பாப் பாத்துட்டேன் கோமு. உன் ரத்தத்துல ஒண்ணுமே இல்ல."

"சரிங்க."

"நிசமாத்தான் சொல்லுதேன்."

"எனக்காகச் சொல்லுதீங்க. பரவால்ல. கைகழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

ஆஸ்பத்திரியிலும் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் அவளிடமே சொன்னார். அவரிடமும் சரி என்றாள்.

சில நாள் கழித்து அடுத்த வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து வந்தாள். "அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க" என்று குழந்தையை நீட்டினாள். கோமு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. என் ரத்தம் சரியில்ல. பச்சப்புள்ளைக்கு ஆகாது."

இசக்கியப்பன் வாசலில் நின்று இதைக் கேட்டார்.

மறுநாள் ஆசிரியையிடம் போனார்.

"சரியான முடிவைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டேன் மேடம். டாக்டரும் சொல்லியாச்சு. எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுதா. ஆனா முதல்ல சொன்னதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கா. அதை எப்படி மேடம் எடுக்கிறது?"

ஆசிரியை குளிர்பெட்டியைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தட்டை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

"கழுவுங்க."

இசக்கியப்பன் கழுவினார். நீலம் முழுக்கப் போயிற்று. தட்டைக் கவிழ்த்துக் காகிதத்தில் தட்டி, ஈரத்தையும் எடுத்தார்.

"சுத்தமாயிட்டு மேடம்."

"மருந்தை விடுங்க."

விட்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழிகள் ஒவ்வொன்றாக நீலமாயின. ரத்தம் விடாத குழியும் நீலமாயிற்று.

"கழுவுங்க."

கழுவினார். மருந்தை விட்டார். நீலமாயிற்று.

"கழுவுங்க."

சட்டைக் கை முழங்கை வரை நனைந்துவிட்டது. மறுபடி நீலமாயிற்று. முன்னைவிடக் கொஞ்சம் வெளிறியது போலவும் இருந்தது. இல்லை போலவும் இருந்தது. இசக்கியப்பன் தட்டைக் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கழுவட்டுமா மேடம்?"

ஆசிரியை தட்டை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக் கழிவுத் தொட்டியில் போட்டார்.

"காலியிடத்துல முதல்ல ஒட்டினது கழுவினாப் போகாது அண்ணாச்சி. இது தட்டு. தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்துக்கலாம். நீங்க வீட்டுக்குப் போங்க."