அடேலிண்டா மூன்று முறை மறுத்த கதை

முன்னொரு காலத்தில், கடல் தாண்டி மலை தாண்டி, பல் கிட்டிப்போகிற குளிர்ச் சீமை ஒன்று இருந்தது. வால்மோரா என்று பேர். அதை லோத்தார் என்கிற ராஜா ஆண்டுவந்தான். ராணியைப் பறிகொடுத்தவன். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி.

அந்தச் சீமையில் பெரிய இடத்துப் பெண்ணாகப் பிறந்தால் ஒரு சங்கடம் உண்டு. கட்டில், கம்பளி, வெள்ளித் தட்டு எல்லாம் அவளுடையது. கல்யாணம் மட்டும் ராஜாவுடையது. புருஷன் செத்தால் அடுத்தவன் யார் என்பதையும் ராஜாதான் சொல்லுவான். அவளுடைய கோட்டை யார் கைக்குப் போகிறது என்கிற கவலை அவனுக்கு. அவள் மனசு என்ன சொல்கிறது என்று கேட்க அங்கே நாதி ஏது?

ஆற்றங்கரைக் கோட்டைக்குச் சொந்தக்காரி அடேலிண்டா. புருஷன் சண்டையில் மாண்டபோது அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. கண்ணீர் காய்வதற்குள் ஆணை வந்துவிட்டது: குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் பெரெங்கர் பிரபுவை மணக்க வேண்டும்.

பெரெங்கர் ராஜாவின் குதிரைப்படைத் தலைவன். இரண்டு மனைவிகளைப் புதைத்தவன். இரண்டு பேர் கோட்டையையும் விழுங்கி ஏப்பம் விட்டவன். இன்னொருவனுக்கு ராஜா ஒரு புன்சிரிப்புக் கொடுத்தால்கூட அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அடேலிண்டா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அரசவைக்குப் போனாள். "அரசே, இவரைக் கட்டிக்கொண்டால் என் கோட்டையும் போகும், என் பிள்ளைக்கும் நாதி இருக்காது. தயவு பண்ணுங்கள்" என்றாள்.

"கொடுத்த வாக்கை நான் திரும்ப வாங்குவதில்லை" என்றான் ராஜா. பிறகு அவள் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவினான். "ஒன்று செய்கிறேன். பெரெங்கரே தன் கையால் இந்தச் சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டால் உன்னை விட்டுவிடுகிறேன்."

"நானா கெடுப்பேன்?" என்று பெரெங்கர் வயிறு குலுங்கச் சிரித்தான். சபையும் கூடச் சிரித்தது. அடேலிண்டா மட்டும் அவனைத் தலை முதல் கால் வரை ஒரு தரம் அளந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினாள்.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே மருத்துவச்சி ஊரெல்லாம் சொன்னாள்: "ஞானஸ்நானத்துக்கு யூகோ பிரபுதான் ஞானத்தகப்பனாம். குழந்தையை ஏந்திக்கொண்டு ராஜாவுக்கு அடுத்து அவர்தான் கோயிலுக்குள் நுழைவாராம். விருந்தில் ராஜாவின் வலப்பக்கம் அவருக்குத்தான் ஆசனமாம்."

சபையில் தனக்குப் போட்டியான யூகோ என்றால் பெரெங்கருக்கு எட்டிக்காய். அன்று சாயங்காலமே குதிரையைத் தட்டிவிட்டு வந்து நின்றான். பிரசவ அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. அதனால் கனத்த திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்தினான்.

"சீமாட்டி! நான் இருக்க அவன் எதற்கு? நான் தூக்குகிறேன் குழந்தையை."

"வேண்டாம் பிரபு. அது உங்களுக்குப் பொருந்தாது" என்றாள் அடேலிண்டா உள்ளேயிருந்து.

"எனக்குப் பொருந்தாத மரியாதை ஒன்று உண்டா?"

"வேண்டாம் பிரபு. பின்னால் வருத்தப்படுவீர்கள்."

"அந்த யூகோ முன்னால் போக, நான் பின்னால் நடக்கணுமா? அதுதான் வருத்தம்."

"மூன்றாம் தரமும் சொல்கிறேன், வேண்டாம். ஞானஸ்நானம் கொடுக்கப்போகிற ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது வாருங்கள்."

"எனக்கு எவனும் பாடம் சொல்ல வேண்டியதில்லை" என்று தரையில் காலை உதைத்தான். திரைக்குப் பின்னால் மருத்துவச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடேலிண்டா பெருமூச்சு விட்டு, "சரி, உங்கள் இஷ்டம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டைக்குப் போகிறவனுக்குக் கோயில் சட்டம் எப்படித் தெரியும்? ஆயருக்குத் தெரியும். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஞானஸ்நானத்தன்று "மனசார ஏற்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். "ஏற்கிறேன்" என்று யூகோவுக்குக் கேட்கும்படி முழங்கினான் பெரெங்கர். விருந்தில் ராஜாவின் வலப்பக்கம் உட்கார்ந்து மூன்று வாத்து தின்றான்.

நாற்பது நாள் கழிந்தது. சரிகை அங்கியும் கையில் மோதிரமுமாகப் பெரெங்கர் சபைக்கு வந்தான். அடேலிண்டாவும் குழந்தையோடு வந்தாள்.

"அரசே, முதலில் ஆயரை ஒன்று கேட்க வேண்டும். ஞானத்தகப்பனுக்கும் குழந்தையைப் பெற்றவளுக்கும் என்ன முறை?"

"உடன்பிறந்தார் முறை" என்றார் ஆயர். "அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது."

பெரெங்கர் முகம் வெளுத்துவிட்டது. "மோசம்! இவள் என்னை ஏமாற்றிவிட்டாள்."

"மூன்று தரம் வேண்டாம் என்றேனே, பிரபு. ஆயரைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். மருத்துவச்சி சாட்சி."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் பாகன் என்ன செய்வான்? ராஜா சிம்மாசனம் ஆடச் சிரித்தான். "பெரெங்கர், உன் கையாலேயே கெடுத்துக்கொண்டாய். சரி, ஞானத்தகப்பன்தானே குழந்தைக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கணும்? எங்கே, ஒன்று சொல்லு."

பெரெங்கர் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "பரமண்டலத்தில்..." என்று தொடங்கி அங்கேயே நின்றான். சபை கொல்லென்று சிரித்தது.

"இனி ஞாயிறுதோறும் ஆயரிடம் உட்கார்ந்து படி. அதுவரை என் குதிரைகளை யூகோ பார்த்துக்கொள்வான்" என்றான் ராஜா. மத்தியானம் ஆகிவிட்டதல்லவா, அவன் புத்தி மாறியது. அடேலிண்டாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இத்தனை புத்திசாலியை விட்டுவிட எனக்கு மனசில்லை. நானும் தனிக்கட்டைதான். நானே உன்னை..."

ராஜாவிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? அடேலிண்டா இரண்டடி முன்னால் வந்து குழந்தையை நீட்டினாள்.

"அரசே, ஞானஸ்நானத்துக்கு அடுத்து குழந்தைக்கு உறுதிபூசுதல் என்கிற சடங்கு பாக்கி இருக்கிறது. ஆயரும் இங்கேயே இருக்கிறார். அதற்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும், முறையும் அதே முறைதான். தாங்கள் கொஞ்சம் இவளைப் பிடித்துக்கொள்கிறீர்களா?"

ராஜா குழந்தையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். மெல்லச் சிரித்துக்கொண்டு எழுந்து, தெரிந்தே, இரண்டு கையாலும் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றான். "இன்றிலிருந்து இவள் எனக்குத் தங்கச்சி. என் தங்கச்சியை அவள் மனசுக்கு விரோதமாக எவனுக்கும் கட்டிவைக்க முடியாது, எனக்கும் சேர்த்துத்தான்."