புள்ளியில் தொடங்கும் ஃபைல்

"என் கம்ப்யூட்டருக்குள்ள வேற யாரோ இருக்காங்க டீச்சர்" என்றார் வேதமுத்து.

டீச்சர் ஒரு பழைய மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"ராயப்பன்னு நினைக்கேன்."

"அவர் செத்து நாலு வருஷம் ஆச்சே."

"அதான் பயமா இருக்கு."

சந்தனமாரி டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். இப்போது உப்பளத்து ஓரம் மூடிக்கிடந்த ஒரு பழைய அலுவலகத்தில் தனியாக இருந்தார். கடற்கரை நெடுக எங்கே கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் பதிலோடு திரும்பியது குறைவு. எதையாவது பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

வேதமுத்துவுக்கு ஐம்பத்தாறு. வெள்ளாமுனை மீனவர் சங்கத்தில் ஒலிபரப்பு அறை அவர் பொறுப்பு.

தினமும் மதியம் அடுத்த நாளுக்கான அலை அறிக்கையை வெளியூர்க் கணினியிலிருந்து இறக்குவார். அதற்கு டபிள்யூகெட் என்று ஒரு கருவி. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும், கேட்ட ஃபைலைக் கொண்டுவந்து போட்டுவிடும். மாலை ஐந்து மணிக்கு அதை மைக்கில் படிப்பார். கரையெங்கும் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களில் அது கேட்கும். அதைக் கேட்டுத்தான் மறுநாள் வள்ளங்கள் இறங்கும்.

"என்ன பண்ணுது?" என்றார் டீச்சர்.

"ஒன்பது நாளா ஒரே அறிக்கை. அலை உயரம் புள்ளி ஆறு மீட்டர். காத்து லேசு. கடல் அமைதி. ஒரு எழுத்து மாறல."

"கடல் அமைதியா இருக்கலாம்ல?"



"அஞ்சு நாள் அமைதியாத்தான் இருந்தது. ஆறாவது நாள் கச்சான் காத்து திரும்பிடுச்சு. கரையில நின்னா தெரியாது, வெளிய போனாத்தான் தெரியும். நான் புள்ளி ஆறுன்னு படிச்சேன். மறுநாள் அமலதாஸ் போனான். அவன் வள்ளம் கவுந்து கிடந்ததைப் பார்த்து இழுத்துட்டு வந்தாங்க. அவன் இன்னும் வரல."

டீச்சர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாளா யாரும் இறங்கல. எல்லாரும் தேடிக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு நான் படிக்கப்போறதை வச்சு நாளைக்கு நாப்பது வள்ளம் இறங்கும். இப்பவும் இறக்கிப் பார்த்துட்டுத்தான் வாரேன். புள்ளி ஆறு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு முன்னால அறிக்கை படிச்சவரு ராயப்பன். அந்த மைக் முன்னால இருக்க நாற்காலியிலதான் டீச்சர் செத்தாரு. படிச்சுக்கிட்டு இருக்கும்போதே. நேத்து நான் படிக்கையில கீழ நின்ன ரெண்டு பேரு, குரல் ராயப்பன் மாதிரியே இருக்குன்னாங்க."

டீச்சர் எழுந்தார்.

"எங்கிட்ட தண்ணி கேளுங்க அண்ணாச்சி."

"என்னது?"

"கேளுங்க."

"தண்ணி கொடுங்க டீச்சர்."

உள்ளே போய் ஒரு செம்பு கொண்டுவந்தார். வேதமுத்து ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். உப்பு.

"நான் உப்பு கேக்கலையே!"

"வேண்டாம்னும் சொல்லலையே. இந்த இடத்துல தண்ணின்னா உப்பு போட்டுத்தான். உப்பளத்து ஆளுங்களுக்காக யாரோ சொல்லி வச்சது."

"யாரு?"

"தெரியாது. நான் வரும்போதே அப்படித்தான் இருந்தது."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். மணி மூன்று. இருபுறமும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. வழியில் ஒரு ஆளில்லை. ஒரு பறவையும் இல்லை. காற்று பலமாக அடித்தது, ஆனால் அசைவதற்கு அங்கே ஒன்றுமில்லாததால் அது அடிப்பதே தெரியவில்லை. டீச்சரின் சேலைத் தலைப்பு மட்டும் பறந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கருவிக்கு நீங்க ஒரு வரி சொல்லுதீங்க. உங்களுக்கு முன்னால அதுகிட்ட எத்தனை பேர் பேசுதாங்க?"

"யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்."

"உங்களையும் சேர்த்து மூணு பேர். நீங்க கடைசி."

வேதமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டார். பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டார்.

ஒலிபரப்பு அறை சங்கக் கட்டடத்தின் மாடியில். கதவைச் சாத்தினால் கடல் சத்தம் கேட்காது. மைக்குக்காக அப்படிக் கட்டியது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு திரை. கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிட்டுத் துடித்தது, உள்ளே இருப்பவர் நம் பதிலுக்குக் காத்திருப்பது போல.

டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே தட்டினார்.

"முதல் ஆள்" என்றார்.

திரையில் ஒரு ஃபைல் விரிந்தது.

"இது எங்க இருந்தது?"

"ஈடிசி ஃபோல்டர்ல. இந்த மெஷினுக்கே பொதுவான ஃபைல். யார் உட்கார்ந்தாலும், என்ன கேட்டாலும், கருவி முதல்ல இதைப் படிக்கும். அப்புறம்தான் உங்க முகத்தைப் பார்க்கும்."

மேலே இரண்டு வரிகள். ஆங்கில எழுத்தில் தமிழ். டீச்சர் விரலை வைத்து மெல்லப் படித்தார்.

"'இங்கே யார் உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது என் சொல். மறுத்துச் சொன்னால் விலகிக்கொள்கிறேன். சும்மா இருந்தால் நான் சொன்னதே நிற்கும். ராயப்பன்.'"

வேதமுத்து சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"அப்ப இருக்காரு."

"இருக்கார்" என்றார் டீச்சர்.

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார்.

"நாலு வருஷமா நான் கேட்டப்பல்லாம், எனக்கு முன்னால இவரு பேசியிருக்காரு."

"ஒவ்வொரு தடவையும்."

"என்ன சொல்லுதாரு?"

டீச்சர் கீழே ஒரு வரியைக் காட்டினார். "'ஏற்கெனவே இருக்கிற ஃபைலை மறுபடி இறக்காதே.' அவ்வளவுதான். அவர் காலத்துல லைன் அடிக்கடி அறுந்து போகும். பாதியில அறுந்த ஃபைல் நல்ல ஃபைல் மேல விழுந்து அழிச்சிடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கார்."

"அதுக்கும் புள்ளி ஆறுக்கும் என்ன?"

"ஒன்பது நாளைக்கு முன்னால என்ன மாறிச்சு?"

வேதமுத்து யோசித்தார். "ஃபைல் பேரு. முன்னெல்லாம் பேருலயே தேதி இருக்கும். இனிமே எல்லா நாளும் ஒரே பேருதான்னு அறிவிப்பு வந்தது. நானும் புதுப் பேரை அடிச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"முதல் நாள் வந்த ஃபைல் இங்கேயே இருக்கு" என்றார் டீச்சர். "மறுநாள் அதே பேரைக் கேட்டீங்க. ராயப்பன், அதான் இருக்கேன்னுட்டார்."

வேதமுத்துவின் முகம் சிவந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்து உலுக்கினார். அதில் யாரோ உட்கார்ந்திருப்பது போல.

"அமலதாஸைக் கொன்னது இவருதான்! அழிச்சிடுங்க டீச்சர். இவரு எழுதுன எல்லாத்தையும் அழிங்க."

டீச்சர் அசையவில்லை.

"அண்ணாச்சி, இறக்க மாட்டேன்னா கருவி சும்மா இருக்காது. 'இந்தப் பேர்ல ஃபைல் இருக்கு, நான் எடுக்கல'ன்னு திரையில எழுதிக் காட்டும். நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல. ஒண்ணும் எழுதல."

"ஒன்பது நாளும்?"

"சத்தியமா ஒரு எழுத்து வரல. நான் அடிப்பேன், அது பேசாம முடிச்சிடும்."

"ராயப்பன் ஃபைல்ல அதுக்கு ஒரு வரியும் இல்ல. பேசாதேன்னு அவர் சொல்லல."



"அப்ப யாரு?" என்றார் வேதமுத்து.

"முதல் ஆள் ராயப்பன். கடைசி ஆள் நீங்க. நடுவுல ஒருத்தர் இருக்கார்."

"இந்த அறைக்கு வேற யாரும் வாரதில்ல டீச்சர். சாவி எங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"தெரியும்."

டீச்சர் வேதமுத்துவின் சொந்த ஃபோல்டரைத் திறந்தார். அறிக்கைகள், மகள் கல்யாணப் படங்கள், பதிவுசெய்த ஜெபங்கள். எல்லாம் அவருக்குத் தெரிந்தவை.

"இதுல நீங்க வைக்காதது எதாவது இருக்கா?"

"இல்ல."

டீச்சர் இன்னொரு வரி அடித்தார். அதே ஃபோல்டர் மறுபடி விரிந்தது. இப்போது மேலே ஏழெட்டுப் பெயர்கள் கூடுதலாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியில் தொடங்கியது.

வேதமுத்து ஒரு அடி பின்னால் போனார். "இதெல்லாம் எப்ப வந்தது?"

"இங்கேயேதான் இருந்தது. புள்ளியில தொடங்குற ஃபைல் சாதாரணமா கண்ணுல படாது. இதுல ஒண்ணு டபிள்யூகெட்டுக்கு. ராயப்பன் சொன்னதைக் கேட்டு முடிச்சதும் கருவி இதைத்தான் கேட்கும். உங்க பேர்ல யார் உட்கார்ந்தாலும்."

அதைத் திறந்தார்.

ஒரே ஒரு வரி. சத்தம் போடாதே என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், ஒரு சமக்குறி, ஆன்.

"எழுதுன ஆள் பேரு பக்கத்துல இருக்கும்" என்றார் டீச்சர். "படிங்க."

வேதமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார்.

அவருடைய பெயர்தான்.

தேதி மூன்று வருடங்களுக்கு முந்தையது. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள்.

"நான் எழுதல டீச்சர்" என்றார். "எனக்கு இப்படி எழுதவே தெரியாது."

டீச்சர் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தார்.



பிறகு மெல்ல மெல்ல அந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. வெயில். கீழே கொட்டுச் சத்தம். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் திரை முழுக்கக் கருவி ஏதேதோ எழுதிக்கொண்டே போனது. இணைகிறேன், இணைந்தேன், காத்திருக்கிறேன், இத்தனை விழுக்காடு. அது அவருக்குத் தலைவலியாக இருந்தது. இதை வாயை மூட வைக்க முடியாதா என்று கயத்தாறு பக்கத்து மருமகனுக்குப் போன் போட்டார். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல இவர் அடித்தார். கருவி அடங்கியது. அன்று நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு அதை அவர் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

வேதமுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

டீச்சர் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

அவர் அந்த வரியை அழித்தார். வழக்கமான கட்டளையை அடித்தார்.

திரை உடனே பேசியது. அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, எடுக்கவில்லை.

மறுபடி அடித்தார். மறுபடி அதையே சொன்னது. மூன்றாவது தடவையும் சொன்னது.

"இன்னும் எத்தனை தடவை கேட்கப் போறீங்க?" என்றார் டீச்சர்.

"ஒன்பது."

டீச்சர் விட்டுவிட்டார். ஒன்பது முடிந்ததும் வேதமுத்து பழைய ஃபைலை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கட்டளையை அடித்தார். இணைகிறேன், இணைந்தேன், காத்திருக்கிறேன் என்று வரிவரியாக எழுதியது. ஒரு வரியையும் விடாமல் படித்தார்.

புதிய அறிக்கை வந்தது. அலை உயரம் மூன்று புள்ளி நாலு மீட்டர். யாரும் கடலுக்குள் இறங்க வேண்டாம்.

"பழைய நாள் அறிக்கை எல்லாம் அந்தக் கணினியில தனித்தனியா இருக்கும்" என்றார் டீச்சர். "அமலதாஸ் போன நாளோடது வேணுமா?"

வேதமுத்துவின் கை கீபோர்டிலிருந்து விலகியது.

"நீங்க எடுங்க டீச்சர்."

"உங்க பேர்லதானே கேட்கணும்."

அவர் அடித்தார். வந்தது. மூன்று புள்ளி ஒன்று. இறங்க வேண்டாம். காற்று வரும் நேரம்கூட எழுதியிருந்தது.

ஐந்து மணிக்கு மைக்கைப் போட்டார். படித்தார். கரையெங்கும் குழாய்களில் அவர் குரல் போனது. வள்ளத்தில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இறக்கத் தொடங்கினார்கள். மைக்கை அணைத்தார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்ததும் கடல் சத்தம் அறைக்குள் வந்து நிறைந்தது. வாசலில் செலின் நின்றிருந்தாள். அமலதாஸின் மனைவி. மூன்று நாளாகக் கரையிலேயே இருந்ததில் அவள் உதடு வெடித்திருந்தது. அறைக்குள் வரவில்லை.

"அண்ணே, இன்னைக்கு இறங்க வேண்டாம்னு சொல்லுது."

"ஆமா தாயி."

"இத்தனை நாளா அமைதின்னுதானே சொல்லிச்சு. அவரு போறதுக்கு முந்தின நாள் மட்டும், அது நெசமாவே ஒண்ணும் சொல்லலையா?"

வேதமுத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அவர் மேசைக்குத் திரும்பிப் போனார். மைக்கை மறுபடி போட்டார். குழாய்கள் ஒருமுறை கரகரத்தன. கீழே கரையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சொல்லிச்சு தாயி" என்றார். "நான்தான் அதைப் பேசாதேன்னு சொல்லி வச்சிருந்தேன்."