இறங்கிய கண்ணாடி

நகராட்சித் தலைவர் வேலாயுதசாமி கட்சி மாறிய அன்று காலை, அவருடைய கார் தவமணி வேலை செய்யும் வாட்டர் சர்வீஸுக்கு வந்தது. அவர் உட்காரும் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய கட்சிப் படத்தைக் கிழித்தாகிவிட்டது. டேப்பின் பசை மட்டும் படச்சட்டம் போட்டதுபோல் அப்பியிருந்தது.

வேலாயுதசாமி கதவைத் திறந்தார், ஆனால் இறங்கவில்லை. "பிளேடு, எண்ணெய், துணி எதுவும் படக் கூடாது. கண்ணாடியில ஒட்டியிருக்கிற கறுப்பு ஃபிலிம் வெளிநாட்டுச் சரக்கு. புதுக் கட்சிச் செயலாளர் வர்றப்போ பசை கண்ணுல தெரிஞ்சா, நாளைக்கு இந்த ஷெட் இருக்காது."

தவமணிக்குச் சுருக்கென்றது. ஷெட் இருக்கும் அவள் தெருவில் ஒரு மாதமாகச் சாக்கடை வழிகிறது. முறையிடப் போனபோதெல்லாம் அவள் முகத்துக்கு நேரே இதே கண்ணாடியைத்தான் ஏற்றிவிட்டுப் போனார் அவர்.

"சரிங்க," என்றவள் கதவிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி பசையோடு கதவுக்குள் இறங்கி மறைந்தது. கதவைச் சாத்தினாள்.

"இப்பத் தெரியுதுங்களா?"

டிரைவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாக்கடை நாற்றம் காருக்குள் நுழைந்தது. பின்னாலேயே அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்களும் வந்து ஜன்னலை அடைத்து நின்றார்கள்.

"கண்ணாடியை ஏத்துடா," என்று டிரைவரை அதட்டினார் வேலாயுதசாமி.

"ஏத்துங்க," என்றாள் தவமணி. "செயலாளர் கார் அதோ பாலத்துல வருது. பசையைப் பார்க்கட்டும். இல்லைன்னா எங்களுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் பாலத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். போனை எடுத்து, சாக்கடை அள்ளும் லாரியை உடனே அனுப்பச் சொன்னார்.

"வரட்டுங்க," என்று தவமணி ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். "அதுவரைக்கும் நாங்க நகர மாட்டோம்."