நீர்நாய்க்குப் போர்த்திய பொன்னாடை

காட்டு ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு நாவல் மரம் நின்றது. அதன் வேருக்கடியில் ஒரு கிழ நீர்நாய் தன் பேரனோடும் பேத்தியோடும் வாழ்ந்தது. கிழ நீர்நாயின் பெயர் சடையன். பேரன் குரவை, பேத்தி அயிரை. குட்டிகளின் தாய் தனக்குப் பிடித்த மீன்களின் பெயரை வைத்திருந்தது. அந்தத் தாயும் தந்தையும் ஐப்பசி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அப்போது குட்டிகள் கண் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

சடையனுக்கு முன்பற்களில் இரண்டு இல்லை. ஆனாலும் அது நல்ல மீன்பிடிகாரன். விடிந்து இரண்டு நாழிகை வரை மீன்கள் கரையோரம் மேயும். வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். இளசுகள் ஆழத்துக்கும் துரத்திக்கொண்டு போகும். கிழவனுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. அந்த இரண்டு நாழிகைக்குள் பிடித்தால் மூன்று வயிறும் நிறையும். தவறினால் நத்தைதான். நத்தையும் கிடைக்காவிட்டால் பட்டினி.

ஆனால் ஏரி முதலை வெயில் காயக் கரை ஏறுவதும் அதே நேரத்தில்தான். குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. வளையில் விட்டுவிட்டுப் போனால் தாத்தாவைத் தேடி வெளியே வந்துவிடும். கூட்டிக்கொண்டு போனால் ஆளுக்கொரு பக்கம் ஓடும். ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டால் மீனை எதில் கவ்வுவது?

ஆகவே சடையனுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அந்த இரண்டு நாழிகைக்கு யாராவது குட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் காடு முழுக்கப் பரவியது. எல்லா விலங்குகளும் வருத்தப்பட்டன. வருத்தப்பட்டதோடு நிற்காமல் ஒரு சங்கமும் தொடங்கின. அதற்குப் 'பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோர் பேராதரவுச் சங்கம்' என்று பெயர் வைத்தன. குயில் தலைவர். ஆமை செயலாளர்.

குயிலுக்குக் குரல் நன்றாக இருந்தது, அதனால் தலைவர் பதவி. அதன் வீட்டில் முட்டையைக் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆமையோ மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்க்கிற சாதி இல்லை. ஆனால் எதையும் பாறையில் நிதானமாகக் கீறிப் பதிவு செய்யும். அதனால் அது செயலாளர்.

தலைவரின் குரல் விடியற்காலையில்தான் நன்றாகத் திறக்கும். ஆகவே சங்கக் கூட்டங்கள் எல்லாம் விடியற்காலையில் நடக்கும் என்று முடிவாயிற்று.

முதல் கூட்டத்துக்குச் சடையன் குட்டிகளோடு வந்தது. ஒரு நாள் மீன் போனாலும் பரவாயில்லை, இனித் துணை கிடைக்குமே என்று நினைத்தது.

"பெரியவரே, உங்களுக்கு என்ன குறை? கூச்சப்படாமல் சொல்லுங்கள்" என்றது குயில்.

"குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தலைவரே. தினமும் காலையில் இந்தப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் யாராவது..."

"ஆகா! என்ன பணிவு பாருங்கள். குறையே இல்லை என்கிறார். இந்த மனத்தைத்தான் நாம் போற்ற வேண்டும்."

விலங்குகள் வாலாலும் காலாலும் தரையைத் தட்டின. ஆமை ஒரு பாறையைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"முதலில் பெயரைப் பதிய வேண்டும். குட்டிகளுக்கு நீங்கள் யார்?"

"தாத்தா."

"அதற்குச் சாட்சியாகக் குட்டிகளின் தகப்பனோ தாயோ இந்த இடத்தில் கால் தடம் வைக்க வேண்டும்."

"அவர்கள் வெள்ளத்தில் போய்விட்டார்கள்."

"சரி, வந்ததும் வைக்கச் சொல்லுங்கள்."

"ஆமையாரே, அவர்கள் வருவதாக இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்து யோசித்தது. பிறகு வெளியே நீட்டி, "விதி அப்படி இருக்கிறது" என்றது.

அப்போது காக்கை எழுந்து ஒரு சந்தேகம் கேட்டது. "என் கூட்டில் ஒரு குஞ்சு மட்டும் வேறு குரலில் கத்துகிறது. தின்கிறதும் அதிகம். அந்த மாதிரி பிள்ளையை வளர்ப்பவர்களுக்கும் சங்கத்தில் ஏதாவது உண்டா?"

குயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. "அடுத்த பொருளுக்குப் போவோம்."

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு மூன்று பேரும் நத்தை தின்றார்கள்.

மறுநாள் நடந்த இரண்டாம் கூட்டம் பயிற்சி வகுப்பு. 'இக்காலக் குட்டிகளை வளர்ப்பது எப்படி' என்று குயில் இரண்டு நாழிகை பேசியது. குட்டிகளைத் தட்டிக்கொடுக்க வேண்டும், விதவிதமான மீன் கொடுக்க வேண்டும், எந்நேரமும் கூடவே இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது.

சடையன் மெதுவாகக் கேட்டது. "கூடவே இருந்தால் மீனுக்கு எப்போது போவது, தலைவரே?"

"நல்ல கேள்வி! அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வைப்போம்" என்றது குயில்.

அன்றைக்கு நத்தையும் கிடைக்கவில்லை. குரவை தாத்தாவின் வாலைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. அயிரை தூங்கவில்லை.

"தாத்தா, சங்கம் என்றால் தின்கிறதா?"

"இல்லை கண்ணு. நாம் போய் உட்கார்வது."

"அதைத் தின்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

சடையன் பேத்தியின் தலையை நக்கிக்கொடுத்தது. இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டது. ஆனால் மறுநாள் விடியும்போதே ஆமை வாசலில் நின்றது. அது முந்தின நாள் மத்தியானமே புறப்பட்டிருக்க வேண்டும்.

"இன்றைக்கு உங்களுக்குப் பாராட்டு விழா. நீங்கள் வராவிட்டால் யாரைப் பாராட்டுவது? காட்டெருமை, மயில் எல்லாரும் வந்து காத்திருக்கிறார்கள்."

"வயிறு காய்கிறது ஆமையாரே. இன்றைக்காவது மீனுக்குப் போகிறேன்."

"விழா முடிவில் முக்கியமான உதவி ஒன்றை அறிவிக்கப்போகிறோம். வராமல் போனால் சங்கம் வருத்தப்படும்."

உதவி என்ற சொல்லைக் கேட்டதும் சடையன் எழுந்தது.

விழா ஏரியின் வடக்கு மேட்டில் நடந்தது. மேட்டுக்குக் கீழே சரளைக் கல்லில் ஓர் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. யார் அந்தப் பக்கம் வந்தாலும் அது தலைக்கு மேலே பறந்து கத்தித் தீர்க்கும். அதனால் ஏரிக்கரையில் அதற்கு நல்ல பெயர் இல்லை. சங்கத்திலும் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் தலைவர் பேச்சு காதில் விழாது என்று ஆமை சொல்லிவிட்டது.

சடையனை ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தார்கள். குட்டிகளை இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். மயில் உதிர்த்த தோகைகளைத் தூக்கணாங்குருவிகள் பின்னி ஒரு பொன்னாடை செய்திருந்தன. குயில் அதைச் சடையனின் தோளில் போர்த்தியது. விலங்குகள் தரையைத் தட்டின.

ஆமை சடையனின் காதருகே வந்தது. "பார்த்து. நனைத்துவிடாதீர்கள்."

"நான் நீர்நாய், ஆமையாரே."

"தெரியும். விழா முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள். அடுத்த மாதம் கிழட்டுக் குரங்குக்கும் இதே பொன்னாடைதான்."

குயில் ஒரு மரக் கிளையில் ஏறி உட்கார்ந்து பேசத் தொடங்கியது.

"நண்பர்களே, இந்தப் பெரியவரைப் பாருங்கள். இவர் கண்கள் குட்டிகளை விட்டு ஒரு கணமாவது விலகுகின்றனவா? விலகாது! குட்டிகளை வளர்க்கிறவர்கள் இமை கொட்டவும் கூடாது..."

சடையன் தலைவரை மரியாதைக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கரையோரம் ஒரு மீன் துள்ளியது. அயிரைக்கு அது தெரிந்தது. மூன்று நாள் பசி. மெல்ல நழுவி மேட்டிலிருந்து இறங்கியது. காட்டெருமையின் கால்களுக்கு இடையே புகுந்து தண்ணீரை நோக்கிப் போனது. குனிந்தால் தெரியும், ஆனால் யாரும் குனியவில்லை. எல்லாரும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆள்காட்டி பார்த்தது. சரளைக் கல்லைத் தாண்டிப் போகிற குட்டியைப் பார்த்தது. கரையில் கட்டையைப் போலக் கிடந்த முதலை தண்ணீருக்குள் சறுக்குவதையும் பார்த்தது. முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு எழும்பியது. கூட்டத்துக்கு மேலே வட்டமடித்துக் கத்தியது.

"ஒழுங்கு, ஒழுங்கு! தலைவர் பேசும்போது சத்தம் போடுவது யார்?" என்றது ஆமை.

"பேத்தி எங்கே? தாத்தா, உன் பேத்தி எங்கே?" என்று ஆள்காட்டி கத்தியது.

சடையன் திரும்பிப் பார்த்தது. வலப்பக்கம் குரவை நின்றது. இடப்பக்கம் யாரும் இல்லை.

கிழ நீர்நாய் பாய்ந்ததை அன்றைக்குத்தான் காடு பார்த்தது. பொன்னாடை பின்னால் இழுபட, மேட்டிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடித் தண்ணீரில் விழுந்தது. அயிரை முழங்கால் ஆழத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. நான்கு முழத்துக்கு அப்பால் தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. ஆள்காட்டி இறங்கி அந்தக் கண்களுக்கு நேராக இறக்கையை அடித்தது. முதலை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து மூடியது. வாய்க்குள் அகப்பட்டது முழுவதும் மயில் தோகை.

சடையன் பொன்னாடையை உருவி விட்டுவிட்டது. பேத்தியின் பிடரியைக் கவ்வியது. பல் குறைந்த வாய்தான், ஆனால் பிடி நழுவவில்லை. கரை ஏறிய பிறகும் வெகுநேரம் விடாமல் கவ்விக்கொண்டே நின்றது.

முதலை தோகையைத் துப்ப முடியாமல் இருமிக்கொண்டே ஆழத்துக்குப் போய்விட்டது.

மேட்டில் குயில் இன்னும் உயரமான கிளைக்குப் போனது.

"நண்பர்களே! இன்று நம் சங்கத்தின் பொன்னாடை ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! தொடங்கிய மூன்றே கூட்டங்களில் இந்தச் சாதனை!"

விலங்குகள் மறுபடியும் தரையைத் தட்டின. ஆமை அதைப் பாறையில் பதிந்தது. அதற்குக் கீழே, 'பொன்னாடை ஒன்று, நீர்நாயிடமிருந்து திரும்பி வரவில்லை' என்றும் பதிந்தது.

"அந்த முக்கியமான உதவி என்று சொன்னீர்களே?" என்று சடையன் மூச்சு வாங்கக் கேட்டது.

"அதுவா? தினமும் காலையில் உங்களைப் போற்றி ஒரு பாட்டுப் பாடலாம் என்று தலைவர் முடிவு செய்திருக்கிறார்" என்றது ஆமை.

கூட்டம் கலைந்தது. சடையன் நனைந்த குட்டியை வெயிலில் உருட்டித் துவட்டியது. ஆள்காட்டி முட்டைகளைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"முட்டைகள் பத்திரமா, அம்மா?" என்று சடையன் கேட்டது.

"நாலும் இருக்கின்றன. சூடு ஆறவில்லை. அதை விடு. நாளைக்கு எந்த நேரத்துக்கு மீனுக்குப் போவாய்?"

ஐப்பசியிலிருந்து சடையனிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"விடிந்ததும். இரண்டு நாழிகை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே? இதற்கா மூன்று நாள் உட்கார வைத்தார்கள்? நான் எப்படியும் அடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண் சும்மாதான் இருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விடு. கரையை நோக்கி ஓர் அடி வைத்தாலும் நான் கத்துகிற கத்தில் நீ ஏரிக்கு நடுவே இருந்தாலும் கேட்கும்."

"உனக்குத் தொந்தரவாக இருக்குமே."

"இருக்கத்தான் செய்யும். அதற்காக?"

கொஞ்ச தூரத்தில் காட்டெருமை சேற்றைத் தேடி நடந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி அதையும் விடவில்லை.

"எருமை அண்ணே, உன் காலுக்கு நடுவேதான் அந்தக் குட்டி போனது. தெரியுமா?"

எருமை வெட்கத்தோடு நின்றது. "பேச்சில் இருந்துவிட்டேன்."

"தினமும் எங்கே படுப்பாய்?"

"தெற்குச் சேற்றில்."

"கொஞ்சம் தள்ளி வந்து இந்த வடக்குக் கரைச் சேற்றில் படு. உன் உடம்பைத் தாண்டி முதலை வராது. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். படுத்தால் போதும்."

"படுப்பது எனக்கு நன்றாக வரும்" என்றது எருமை.

மறுநாள் விடிந்தது. வடக்கு மேட்டில் குயில் சடையனைப் போற்றிப் பாடியது. பாட்டு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் சடையன் அதைக் கேட்கவில்லை, அது தண்ணீருக்கு அடியில் இருந்தது. இரண்டு நாழிகையில் ஏழு மீன் பிடித்தது. குட்டிகள் அதில் மூன்று மீனைத் தின்றுவிட்டு எருமையின் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடின.

பிற்பாடு ஆள்காட்டியின் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்தன. அது இரை தேடப் போகும்போது சடையன் சரளைக் கல்லில் காவல் இருந்தது. கீரி வந்தால் பல்லைக் காட்டியது. இருக்கிற பல்லைத்தான். அடுத்த ஐப்பசிக்குள் குரவையும் அயிரையும் ஏரியைக் குறுக்கே நீந்தக் கற்றுக்கொண்டன.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஆமை மறுபடியும் வாசலில் நின்றது. இந்த முறையும் விடியற்காலைதான்.

"பெரியவரே, நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். சங்கத்தால் அடைந்த பலனைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்."

"மீன் நேரம், ஆமையாரே" என்று சொல்லிவிட்டுச் சடையன் தண்ணீரில் இறங்கியது.

முதுமையில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவருக்குப் பாராட்டுகிற நூறு பேர் வேண்டாம், அவர் வேலையை முடித்து வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் போதும்.