விருந்தாளிக்கு வாடகை

மணல்மேட்டு நாட்டை ஆண்டவர் புலிவெருட்டி மகாராஜா. புலியை அவர் கண்ணால் கண்டதில்லை. பட்டம் தாத்தா வழியில் வந்தது.

அவர் நகரத்தில் ஓர் ஆட்ட மண்டபம் உண்டு. அங்கே ஆடும் பெண்கள் ஏழு பட்டுகளை மேலே சுற்றிக்கொண்டு மேடையேறுவார்கள். மத்தளம் முழங்க முழங்க ஒவ்வொரு பட்டாகக் கழற்றி வீசுவார்கள். ஏழாவது பட்டு என்னவாகும் என்று என்னைக் கேட்காதீர்கள், முன்வரிசையில் இடம் பிடித்த மந்திரிமார்களைக் கேளுங்கள். மறுநாள் காலையில் அதே பெண்கள் தெருவில் எதிர்ப்பட்டால், அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போனதும் அதே மந்திரிமார்கள்தான்.

ஒருநாள் அந்தப் பெண்கள் எல்லாரும் சபைக்கு வந்தார்கள். மூத்தவள் சிங்காரவடிவு முன்னால் வந்து நின்றாள்.

"மகாராஜா, எங்களுக்குக் கூலி கிடையாது. ஆடுற மேடைக்கு நாங்கதான் வாடகை கட்டுறோம். விளக்குக்கு எண்ணெய்க் காசும் எங்க தலையில. கால் தடுமாறினா அபராதம். மேல கை வைக்கிற பெரிய மனுஷர் கையைத் தட்டிவிட்டா அதுக்கும் அபராதம். பார்க்கிறவங்க வீசுற காசுல மிச்சம் பிடிச்சு, எல்லாருமா நிலம் வாங்கலாம்னு ஒரு உண்டியல் வச்சிருந்தோம். அதையும் கண்காணி ஐயா எடுத்துப் பூட்டிக்கிட்டார். நாளைக்கு உடம்பு ஒத்துழைக்காம போனா நாங்க எங்கே போவோம்?"

மண்டபத்துக் கண்காணி வரகுணம் தொந்தியைத் தடவியபடி எழுந்தார்.

"இவங்களுக்குக் காசைக் காப்பாத்தத் தெரியாது மகாராஜா, அதான் நான் காப்பாத்துறேன். கூலி வேலைக்காரங்களுக்குத்தானே? இவங்களை நான் வேலைக்கே வைக்கலையே! தானா வராங்க, தானா ஆடுறாங்க, தானா போறாங்க. இவங்க நம்ம மண்டபத்து விருந்தாளிங்க!"

கஜானாவைத் திறக்க வேண்டாத தீர்ப்பு என்றால் மகாராஜாவுக்குக் கரும்பு தின்ற மாதிரி.

"சரியாகச் சொன்னாய்! இவர்கள் நம் விருந்தாளிகள். இதுவே என் தீர்ப்பு."

சிங்காரவடிவின் கண் கலங்கிவிட்டது. அப்போது சபையின் கோமாளிப் புலவன் இருளாண்டி துள்ளி எழுந்தான்.

"அருமையான தீர்ப்பு! ஊர் பூரா முரசறைஞ்சு சொல்லிடட்டுமா மகாராஜா?"

"தாராளமாகச் சொல்!"

அன்று மாலை மகாராஜா இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தார். இருளாண்டி ஓடி வந்தான்.

"மகாராஜா, சோத்தைக் கீழ போடுங்க! விருந்தாளிங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. விருந்தை நிக்க வச்சிட்டு வீட்டுக்காரர் சாப்பிட்டா ஊர் என்ன பேசும்? முரசு வேற அறைஞ்சாச்சு."

கவளம் இலைக்குத் திரும்பியது. பெண்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மூக்கை மூடும் மந்திரிமார்கள் கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்கள். சாம்பார், ரசம், பாயசம், மறுபடி பாயசம். பெண்கள் ஆற அமரச் சாப்பிட்டார்கள். மகாராஜாவின் வயிறு பந்தி முழுக்கக் கேட்கும்படி முழங்கியது. மகாராணிக்கோ ஒரே சந்தோஷம். "இவ்வளவு கலகலப்பா பேசுறவங்களை இத்தனை நாளா ஏன் கூட்டிட்டு வரலை?" என்று மகாராஜாவைக் கடிந்துகொண்டார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று மகாராஜா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நாலாம் நாள் இருளாண்டியைத் தனியே இழுத்தார்.

"இவர்கள் எப்போதடா கிளம்புவார்கள்?"

"சிவ சிவா! விருந்தாளியைப் பார்த்து அப்படிக் கேக்கலாமா? இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போங்கன்னுதான் சொல்லணும்."

வேறு வழியில்லாமல் மகாராஜா போய்ச் சொன்னார். "மகாராஜா பேச்சைத் தட்ட முடியுமா?" என்று சிங்காரவடிவு இன்னொரு அப்பளம் கேட்டாள்.

இதற்குள் ஆட்டம் இல்லாமல் ஊர் கொதித்துப்போனது. மண்டபத்தில் கூட்டம் கூடிக் கூச்சல் போட்டது. மகாராஜாவும் அங்கே வந்துவிட்டார். பெண்களை இருளாண்டி முன்வரிசையில் உட்கார வைத்தான்.

"ஆடச் சொல்லடா!" என்றார் மகாராஜா.

"விருந்தாளியை ஆடச் சொல்றது எந்த ஊர் வழக்கம்? வந்தவங்களை வீட்டுக்காரர்தான் மகிழ்விக்கணும். இந்த மண்டபத்துக்கு வீட்டுக்காரர் யாரு?"

எல்லாத் தலையும் வரகுணத்தின் பக்கம் திரும்பியது.

ஏழு பட்டையும் சுற்றிக்கொண்டு வரகுணம் மேடையேறினார். முதல் பட்டைக் கழற்றும்போதே கால் சிக்கி மத்தளத்தின் மேல் விழுந்தார். மூன்றாவது பட்டில் தொந்தி தனியாகத் தாளம் போட்டது. மந்திரிமார்கள் விசிலடித்தார்கள். பெண்கள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்த்தார்கள். நாலாவது பட்டோடு, "போதும், விடுங்க" என்று சிங்காரவடிவுதான் கை காட்டினாள்.

மேடையில் காசுகள் கிடந்தன. வரகுணம் குனிந்தார். இருளாண்டி முந்திக்கொண்டு அள்ளினான்.

"இது மேடை வாடகை. இது எண்ணெய்க் காசு. மத்தளத்து மேல விழுந்தீங்களே, இது அபராதம். மிச்சத்தை நான் பூட்டி வைக்கிறேன். உங்களுக்குக் காசைக் காப்பாத்தத் தெரியாது."

"அக்கிரமம்!" என்று வரகுணம் அலறினார். "ஆடினேன், வேர்த்தேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு! வேலை செஞ்சவனுக்குக் கூலி இல்லையா?"

கூச்சல் அடங்கியது.

"என்ன சொன்னாய்? வேலையா?" என்றார் மகாராஜா.

வரகுணம் வாயைப் பொத்திக்கொண்டார். மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இனிமேல் சூடாகச் சாப்பிடலாம் என்ற நிம்மதியும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"ஆட்டத்துக்குக் கூலி உண்டு. மேடைக்கு வாடகை இல்லை. கை வைக்கிறவன் மந்திரியானாலும் அபராதம் அவனுக்குத்தான். உண்டியலை இப்போதே கொண்டு வா! இருளாண்டிக்கு ஒரு பொற்கிழி!"

உண்டியல் வந்தது. சாவி சிங்காரவடிவின் கைக்குப் போனது. அவள் திறந்து, கொஞ்சம் காசை எடுத்து, வேர்த்து நின்ற வரகுணத்தின் கையில் வைத்தாள்.

"ஆட்டம் சுமார்தான் ஐயா. இருந்தாலும், ஆடினவங்களை வெறுங்கையா அனுப்புறது எங்களுக்குப் பழக்கமில்லை."