பிச்சையா எந்த வீட்டுக்காரர்?

கல்யாண வீட்டில் குழப்பமே வராமல் செய்கிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் அவள் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். திருநெல்வேலியில் மென்பொருள் எழுதும் மருதவாணி அப்படிக் கிளம்பியவள். யாரை எப்போது எங்கே அழைப்பது என்று மண்டப மேலாளர்கள் தாங்களே கணினியில் எழுதிக்கொள்ள, கல்யாணத்துக்கென்றே ஒரு சின்ன மொழி செய்தாள். அதற்கு முன் ஆண்டாலஜி போட்டாள். அதாவது, கல்யாணத்தில் என்னென்ன உண்டு, எது எதோடு சேரும், எது சேராது என்று வரையறுத்தாள். பெண் வீட்டார் வேறு, மாப்பிள்ளை வீட்டார் வேறு, ஒருவரே இரண்டிலும் இருக்க முடியாது என்பது அதில் ஒரு விதி.

முதல் கல்யாணமே அவள் காலை வாரிவிட்டது. பெண் தன் தாய்மாமன் மகனைத்தான் கட்டுகிறாள். மாமன் பிச்சையா அவளைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும்; மாப்பிள்ளையின் அப்பாவாகச் சம்பந்தி மாலையும் மாற்ற வேண்டும். அந்த மண்டபத்திலோ, பெண் மாடியறையிலிருந்து இறங்கும் நேரத்தில்தான் வாசலில் சம்பந்திமார் மாலை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரே இரண்டு வீட்டிலும் இருக்கிறார் என்று சிவப்புக் கோடு போட்டு, மொழி பிச்சையாவை ஏற்கவே மறுத்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் அம்மா வந்து நின்றாள். "எந்தம்பி கையப் புடிச்சித்தான் எம்மவ மணவறைக்கு வரணும். வேற ஆளு வேண்டாம்," என்றாள். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் மருதவாணி இந்த மொழியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார் மண்டப உரிமையாளர்.

மண்டப மேலாளர் இசக்கியப்பன் அவரைப் பிச்சையா என்றும் மாமன் பிச்சையா என்றும் இரண்டு ஆளாக எழுதினார். மருதவாணியின் சக ஊழியன் ஹபீப் அந்த விதியையே அழித்துவிட்டான். இரண்டும் மறுபேச்சில்லாமல் ஓடின. மருதவாணி மட்டும் வரையறையைத் தோண்டினாள். எந்த வீட்டார் என்பது ஆளோடு ஒட்டியதல்ல, சடங்குக்குச் சடங்கு அவர் ஏற்கும் பொறுப்பு. ஒருவருக்குப் பொறுப்பு எத்தனையும் இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்தான் இருக்க முடியாது. இப்படி மாற்றி ஓட்டினாள். மறுபடியும் சிவப்புக் கோடு விழுந்தது.

ஹபீபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மருதவாணி, நாங்க எழுதுனது ரெண்டும் ஓடுது. நீ எழுதுனதுதான் இன்னும் தப்புங்கு," என்றான்.

அவள் அசரவில்லை. திரையை உரிமையாளர் பக்கம் திருப்பினாள். "தப்புன்னு சொல்லுதது நல்லதுக்குத்தான் மொதலாளி. அத வாசிங்க."

இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மருதவாணி செய்ததே சரி. மற்ற இரண்டு வழியிலும் பிச்சையாவை ஒரே நேரத்தில் வாசலுக்கும் மாடிக்கும் கூப்பிட்டிருப்பார்கள். பெண் மேலே தவித்துக்கொண்டு நின்றிருப்பாள். சிவப்புக் கோடு அதைத்தான் சொன்னது. மருதவாணி மாலை மாற்றுவதைக் கொஞ்சம் முன்னதாக வைத்தாள், கோடு மறைந்தது. மறுநாள் பிச்சையா மாலை மாற்றிவிட்டு மாடியேறினார். மாமன் கையைப் பிடித்துக்கொண்டு பெண் இறங்கி வந்தபோது அவள் அம்மா அழுதேவிட்டாள். உரிமையாளர் அடுத்த முகூர்த்தத்தையும் அதிலேயே எழுதச் சொல்லிவிட்டார்.